அடுப்படியும் ஒரு கல்விக்கூடம்

பிள்ளை அடுப்படிக்கு வந்து நின்றால் “போய்ப் படி” என்று அனுப்பிவிடுவது நம் இல்லங்களின் வழக்கம். கையால் செய்து பெறும் அறிவு ஏட்டறிவினும் தாழ்ந்தது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இன்றோ, வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர் சிலர் சமையலையும் கைவேலையையும் பாடமாகவே அமைத்துக்கொள்கின்றனர். இஃது ஒரு புதுமோகம் அன்று. கல்வி வரலாற்றில் இதற்கு நெடிய வேர் உண்டு. கசப்பான படிப்பினையும் உண்டு.

ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) ‘முகத்திமா’வை இயற்றிய இப்னு கல்தூன், தொழிற்கலைகளைப் பற்றி அந்நூலில் விரிவாக ஆராய்கிறார். செயலும் சிந்தனையும் கலந்த ஒன்றில் மனிதன் அடையும் ‘மலகா’, அதாவது பழக்கத்தால் ஊன்றி நிலைத்த ஆற்றலே, தொழில் என்பது அவர் தரும் இலக்கணம். பிறர் சொல்லக் கேட்டுப் பெறுவதைவிட நேரில் கண்டு, மீண்டும் மீண்டும் செய்து பெறும்போதே அவ்வாற்றல் நிறைவடைகிறது என்றும், தொழில்கள் அவற்றைப் பயில்வோரின் அறிவையே வளர்க்கின்றன என்றும் அவர் கூறுகிறார். செயலோடு சிந்தனையையும் அவர் இணைத்துச் சொன்னது ஈண்டுக் கருதத்தக்கது.

இதையொத்த கருத்து, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஒரு பள்ளியாகவே உருப்பெற்றது. தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி, 1896 சனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 16 குழந்தைகளோடும் இரண்டு ஆசிரியர்களோடும் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். சமையல், நெசவு, தச்சு ஆகியவை அங்கு ஓய்வுநேர விளையாட்டுகளாக இல்லை. பாடங்கள் பிறக்கும் ஊற்றுகளாகவே இருந்தன. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒருங்கே சமைத்தனர்.

1899இல் வெளியான தம் நூலில் டூயி ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். காய்கறி சமைத்துப் பழகிய குழந்தைகள் முட்டைக்கு வந்தனர். நீரின் சூட்டைப் படிப்படியாக மாற்றி, வெள்ளைக்கரு எந்நிலையில் எப்படி இறுகுகிறது என்று சோதித்தனர். பொறுமையிழந்த ஒரு பிள்ளை, சமையற்குறிப்பைப் பார்த்துச் செய்துவிட்டால் போதாதா, ஏன் இவ்வளவு சோதனை என்று கேட்டது. அந்தக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். குறிப்பைப் பின்பற்றினால் ஒரு பண்டம் கிடைக்கும்; அதன் காரணத்தைக் கண்டால் அறிவு கிடைக்கும். நெசவுப் பாடத்திலும் இவ்வாறே. பஞ்சையும் விதையையும் கையால் பிரிக்க அரைமணி நேரம் முயன்றும் ஓர் அவுன்சுகூடச் சேராதபோதுதான், பருத்தி விதை நீக்கும் பொறியின் வரலாற்றுப் பெறுமதி அப்பிள்ளைகளுக்கு விளங்கிற்று.

நம் நாட்டில் இம்முயற்சி 1937 அக்டோபரில் நடந்த வார்தா கல்வி மாநாட்டில் வடிவம் பெற்றது. காந்தியடிகளின் எண்ணத்தைப் பாடத்திட்டமாக்கும் குழுவுக்கு, அந்நாளில் ஜாமிஆ மில்லியாவின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஜாகிர் உசேன் தலைமை ஏற்றார். ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைக் கைத்தொழிலுக்கே அக்குழு ஒதுக்கியது. ஆனால் அதே அறிக்கை ஓர் எச்சரிக்கையையும் பதிவுசெய்தது. வருவாய் நோக்கம் மேலோங்கினால் கல்வி நோக்கம் பலியாகிவிடும். ஆசிரியர் குழந்தைகளிடமிருந்து உழைப்பைப் பிழிவதிலேயே கருத்தாக இருந்துவிடக்கூடும்.

எச்சரிக்கை வீண் அன்று என்பதைத் தமிழகம் வேறொரு வடிவில் கண்டது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் வகுப்பறை நேரம் குறைக்கப்பட்டது; எஞ்சிய நேரத்தில் ஆண் பிள்ளைகள் தந்தையின் தொழிலையும், பெண் பிள்ளைகள் தாயிடம் சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் கற்க வேண்டும் என்றானது. குலக்கல்வி என மக்கள் அதை எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது.

சிகாகோவிலும் சமையல், இங்கும் சமையல். அங்கே அது பிள்ளையின் கேள்விகளுக்கு வாயில் திறந்தது. இங்கோ பிறப்பை வைத்து எதிர்காலத்தை வரையறுத்தது. ஆகவே, பிள்ளையின் கையில் அகப்பையைக் கொடுத்துவிடுவதால் மட்டும் அது கல்வியாகிவிடாது. மகள் மட்டும் மாவு பிசைய, மகன் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும் வீட்டில் நடப்பது பாடம் அன்று; பழைய பாகுபாடே.

அரபி வினைத்திரிபு வாய்பாடுகளை மாணவர்க்கு மனனம் செய்விக்கும் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வாய்பாடும் ஒரு சமையற்குறிப்பே. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவனை நாம் பலமுறை அமர்த்தியிருக்கிறோம். மாவு ஏன் புளிக்கிறது, அரிசியின் அளவுக்கு ஏற்ப நீர் ஏன் கூடுகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு விடைசொல்ல அரைமணி நேரம் ஒதுக்குவோம். சோறு சற்றுத் தாமதமானாலும் குற்றமில்லை.