பெயர் இழந்து பெயர் மீட்ட ஊர்

தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலினின்று கரையிறங்கும் பயணியர், ஒரு பகற்பொழுதில் கண்டு திரும்பும் ஊர்களுள் ஹான்டார்ஃப் ஒன்று. பழைய ஜெர்மானிய வீடுகளையும் பலகாரக் கடைகளையும் அவர்கள் விரும்பிக் காண்பர். பிறந்த மண் விட்டு வந்து வாழும் நமக்கோ, அவ்வூரின் வரலாறே பெரிதாகத் தோன்றுகிறது.

பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் திருச்சபைகளை ஒன்றாக்கி வழிபாட்டு முறையை மாற்றியபோது, இணங்காத லூத்தர் சபையார் பலர் நாடு துறந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினரை 1838 டிசம்பரில் 'ஜீப்ரா' என்னும் கப்பல் கொண்டுவந்து சேர்த்தது. அதன் தலைவர் டிர்க் ஹான், இறக்கிவிட்டதோடு கடமை தீர்ந்ததென எண்ணாது, அவர்கள் குடியேற நிலமும் தேடித் தந்தார். 1839-இல் எழுந்த ஊருக்கு அவர் பெயரையே சூட்டினர். விளைந்த காய்கறியையும் வெண்ணெயையும் சுமந்து, அவ்வூர்ப் பெண்டிர் இரவிலேயே புறப்பட்டு மலைவழியே அடிலெய்டுச் சந்தைக்கு நடந்தனர். அந்நகரின் வயிற்றை நிரப்பியதில் அவர்க்கும் பங்குண்டு.

பின்னர் முதல் உலகப் போர் மூண்டது. மூன்று தலைமுறை உழைப்பும் கணக்கில் வரவில்லை. 1917-இல் லூத்தர் சபைப் பள்ளிகள் 49 மூடப்பட்டன. அவ்வாண்டுச் சட்டத்தால் 69 ஜெர்மானிய இடப்பெயர்கள் மாற்றப்பட்டன. ஹான்டார்ஃப் 'ஆம்பிள்சைடு' ஆயிற்று. ஜெர்மனியில் பிறந்த அரசியார் அடிலெய்டின் பெயர் தாங்கிய தலைநகரை மட்டும் எவரும் தொடவில்லை என்பது வேடிக்கை!

1935-இல் பழைய பெயர் திரும்பிற்று. ஆயினும், இன்று அவ்வூர்க் கடைவீதியில் செவியில் விழுவது ஆங்கிலமே. ஜெர்மன் பெரும்பாலும் பெயர்ப்பலகைகளில் நிற்கிறது.