முரசின் விலையும் மாதச் சம்பளமும்: ‘சந்திரலேகா’வின் 30 லட்சம் போன வழி

ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) 30 லட்சம் ரூபாயில் எடுக்கப்பட்டது என்பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதில்தான் வழக்கு. மூத்த வரலாற்றாளர் ஒருவரின் விளக்கமே இன்றுவரை செல்வாக்கோடு இருக்கிறது. படத்தில் கூட்டமாக வருபவர்கள் ஜெமினி ஊழியர்கள், எனவே ஆள் செலவே இல்லாமல் கிடைத்தவர்கள். பணம் முழுவதும் அரங்கிலும் ஆடையிலும் முரசிலும் இறங்கியது என்பது அந்த விளக்கம். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ‘இலவச ஆள்’ என்ற அந்த ஒரு சொல் நம்மை நெடுநாளாகத் தவறான திசையில் நடத்தியிருக்கிறது.

ஊழியர் என்றாலே மாதச் சம்பளக்காரர். கணக்கு எழுதுபவரும் தச்சரும் ஒருநாள் போர்வீரன் வேடம் கட்டி நின்றால், அன்றைக்குக் கணக்கும் எழுதப்படவில்லை, மரமும் இழைக்கப்படவில்லை. சம்பளம் மட்டும் ஓடியது. அந்தச் சம்பளம் 30 லட்சத்துக்குள் அடங்கியது என்றால் கூட்டம் இலவசமல்ல. அடங்கவில்லை என்றால் படத்தின் செலவு 30 லட்சமல்ல, அதற்கும் மேல். இரண்டில் எதை ஏற்றாலும் ‘இலவசம்’ நிற்காது.

இந்தச் சம்பள உலகத்தை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் அசோகமித்திரன். ஒப்பனைத் துறையில் படிநிலை இருந்ததையும், கும்பல் காட்சி நாட்களில் கூட்டத்தினரின் முகத்தில் சாயம் பூசுவதற்கென்றே ‘ஆபீஸ் பாய்’ என்ற பெயரில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். கதை இலாகாவில் எழுத்தாளர்களும் கவிஞர்களும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். அசோகமித்திரன் ஜெமினியில் சேர்ந்தது 1952-இல், ‘சந்திரலேகா’ வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழித்து. ஆகவே அவர் சாட்சியத்தை 1940களுக்கு அப்படியே பொருத்துவதில் ஆபத்து உண்டு. ஆனாலும் அதே முதலாளி, அதே வளாகம், அதே நிர்வாக முறை. நான்கு ஆண்டில் திடீரென முளைத்த ஏற்பாடாக அதைக் கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

இனி முரசு நடனம். இதற்கான செலவு ஒரு கணக்கில் 5 லட்சம், இன்னொரு கணக்கில் 2 லட்சம். எழுதுபவர்கள் தமக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். நான் இந்த 3 லட்ச வேறுபாட்டில்தான் நிற்க விரும்புகிறேன். எரிந்துபோன மோஷன் பிக்சர் புரொடியூசர்ஸ் கம்பைன் ஸ்டுடியோவை 1940களின் தொடக்கத்தில் ஜெமினி முதலாளி எஸ். எஸ். வாசன் ஏலத்தில் எடுத்த விலை 86,427 ரூபாய் 11 அணா 9 பை என்று சொல்லப்படுகிறது. அதாவது அந்த வேறுபாடு மட்டுமே மூன்று ஸ்டுடியோக்களின் விலைக்கு மேல். எழுத்துப் பிழையென்று தள்ளிவிடக்கூடிய தொகை அல்ல அது.

காட்சியைத் திரும்பப் பாருங்கள். அரண்மனை முன்றிலில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட முரசுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் நடனமாடுபவர்கள். ஆட்டம் முடிந்த கணத்தில் முரசுகளுக்குள்ளிருந்து நாயகன் வீரசிம்மனின் ஆட்கள் வாளோடு பாய்கிறார்கள். மரம், தோல், சாயம், துணி எல்லாம் கண்ணுக்குத் தெரியும் செலவு. கண்ணுக்குத் தெரியாதது ஒத்திகை. நானூறு பேர் என்றும் ஆறு மாதம் என்றும் சொல்கிறார்கள். எண்ணில் கொஞ்சம் மிகை இருக்கட்டும். அத்தனை பேர் ஒரே தாளத்தில் கால் எடுத்து வைக்க மாதக்கணக்கான பயிற்சி இல்லாமல் முடியாது. 2 லட்சம் என்பது காட்சிக்கென்று தனியே வாங்கிய பொருளின் கணக்கு, 5 லட்சம் என்பது ஒத்திகைக் காலச் சம்பளமும் சேர்ந்த கணக்கு என்பது என் துணிபு. இதற்கு நேரடிச் சான்று என்னிடம் இல்லை. ஆனால் இரண்டு எண்களையும் பொய்யாக்காமல் காப்பாற்றும் விளக்கம் இது ஒன்றுதான்.

காலமும் இதையே சொல்கிறது. ‘மங்கம்மா சபதம்’ வெளிவந்த 1943-ஐ ஒட்டிப் பெயர் அறிவிக்கப்பட்ட படம், 1948 ஏப்ரல் 9 அன்றுதான் திரைக்கு வந்தது. முதலில் நினைத்த கதை கைவிடப்பட்டது, பெயர் மட்டும் நின்றது. முதல் இயக்குநர் ஆச்சார்யா விலகினார், வாசனே இயக்கத்தை ஏற்றார். பாதியில் சர்க்கஸ் கதைக்குள் நுழைந்தது. போர்க்காலக் கட்டுப்பாட்டில் கச்சா பிலிமுக்கு உரிமம் வேண்டும், படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்ற நிலை இருந்தது. ‘சந்திரலேகா’ ஓடிய 207 நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,600 அடி பிலிம் வேண்டும். பிலிமை நிறுத்தி வைக்கலாம். சம்பளத்தையும் கடனுக்கான வட்டியையும் நிறுத்தி வைக்க முடியாது. வாசன் சொத்தை அடகு வைத்தார், நகைகளை விற்றார் என்று சொல்லப்படும் செய்திகளை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

என் வாதத்துக்கு ஒரு தடை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். இதே ஐந்து ஆண்டில் ஜெமினி ‘தாசி அபரஞ்சி’, ‘கண்ணம்மா என் காதலி’, ‘மிஸ் மாலினி’ ஆகிய படங்களையும் வெளியிட்டது. சம்பளப் பட்டியல் ஒன்று, படங்கள் பல. ஐந்தாண்டுச் சம்பளத்தில் ‘சந்திரலேகா’வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க நம்மிடம் அளவுகோல் இல்லை. பாதி என்று சொல்பவரையும் கால் என்று சொல்பவரையும் இப்போதைக்கு மறுக்க இயலாது. சுழியம் என்பதை மட்டும் மறுக்கலாம்.

தமிழ்ப் படம் நன்றாக ஓடியும் போட்ட முதல் திரும்பவில்லை. 1948 டிசம்பர் 24-இல் இந்திப் பதிப்பு வந்தது. முழுப்பக்கப் பத்திரிகை விளம்பரங்களும், 603 பிரதிகள் என்று பேசப்படும் விநியோகமும் தனிச் செலவு. அதை 30 லட்சத்தோடு சேர்த்துக் குழப்புவதும் நடக்கிறது. ஆனால் முரசு நடனத்துக்கு வசனம் கிடையாது. சென்னையில் பயிற்சி பெற்ற கால்கள் பம்பாயிலும் அப்படியே செல்லுபடியாயின. வாசனின் பணம் மீண்டது அந்த வழியில்தான்.

பிற்காலத்தில் ஸ்டுடியோக்கள் ஆட்களைக் குறைத்து அரங்குகளை வாடகைக்கு விட, மாதச் சம்பளம் தினக்கூலியாயிற்று. நட்சத்திர ஊதியம் கணக்கின் தலைவரிக்கு ஏறியது. அது தனிக் கட்டுரைக்கான பொருள்.

கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் பழைய ஸ்டுடியோ ஊழியர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் சம்பளச் சீட்டோ, வருகைப் பதிவேடோ, பேரேட்டின் ஒரு தாளோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.