பாதி ஓநாய்

2011 மார்ச்சில் அந்தக் கட்டாரியை ஏலத்தில் எடுத்தபோது என்னிடம் பதினொரு கத்திகள் இருந்தன. பாளை சீவும் அரிவாள் ஒன்று, குடகுக்காரர்களின் பீச்சேகத்தி ஒன்று, நேபாளத்துக் குக்ரி இரண்டு, மற்றதெல்லாம் லண்டன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் பொறுக்கியவை. எதுவும் நூறு பவுண்டைத் தாண்டியதில்லை. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டியது 2,100-க்கு. கமிஷனும் கமிஷன் மேல் வரியும் ஏறி 2,730-ல் வந்து நின்றது. அன்றைய கணக்கில் ரெண்டு லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைச்சல். வீட்டில் மூன்று நாள் சொல்லவில்லை.

பட்டியலில் ‘தஞ்சாவூர், 17-ம் நூற்றாண்டு, இந்திய உருக்கு’ என்று போட்டிருந்தது. பாதிப் பணம் தஞ்சாவூர் என்கிற சொல்லுக்குக் கொடுத்தது. என் சித்தப்பா அங்கே கீழவாசலில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் அந்தத் தராசுப் பக்கத்தில்தான் எனக்குக் கழிந்தது.

கட்டாரியை மற்றக் கத்தி மாதிரிப் பிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் நீண்ட கம்பிகள், நடுவே குறுக்கே இரண்டு பிடிகள், ஏணிப்படி போல. குறுக்குப் பிடியைக் கைக்குள் மூடினால் அலகு முழங்கைக்கு நேர்கோட்டில் நீளும். வெட்டுவதற்கல்ல, குத்துவதற்கு. முஷ்டியால் குத்துகிற அதே வேகம் நுனியில் போய் இறங்கும். தென்னாட்டுக் கட்டாரிகள் பலவற்றில் புறங்கையை மூடிக்கொண்டு ஒரு தகடு, காற்று நிரம்பிய பாய்மரத் துணிபோல் வளைந்து நிற்கும். என்னுடையதில் அந்தத் தகடு முழுக்க ஊசித் துளை வேலைப்பாடு, உச்சியில் யாளித்தலை. யாளியின் கண்ணில் அழுக்கு அப்பியிருந்தது. அதை மட்டும் பல்குத்தும் குச்சியால் எடுத்தேன். பிடி சின்னது. என் நான்கு விரலும் ஒன்றாக நுழையவில்லை. (நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருள் என்பதால்தான் இங்கிலாந்துச் சட்டம் இதை வீட்டில் வைத்துக்கொள்ள விடுகிறது. முஷ்டிக்குள் பிடிக்கும் கத்திகளின் விற்பனையை 1988-லேயே தடுத்துவிட்டார்கள்.)

இனி நான் செய்த அசட்டுத்தனம். தென்னிந்திய உருக்கைப் பற்றிப் படித்துப் படித்துக் கிறுக்குப் பிடித்திருந்த காலம் அது. மண் குகையில் இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து மூடி உருக்கிய கட்டி அது. கோல்கொண்டாப் பக்கத்துக் கட்டிகள் பாரசீகம்வரை போயின. 1795-ல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். கால் நூற்றாண்டு கழித்து மைக்கேல் ஃபாரடே இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்க முயன்றார். நல்ல உருக்கு அலகில் அமிலம் பட்டால் குளத்து நீர் சலனம்போல வரிவரியாக எழும். அதைப் பார்க்கும் ஆசையில், அடுப்படியில் இருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து அலகின் அடியில் விரலகலம் தேய்த்தேன். எந்தச் சேகரிப்பாளர் கேட்டாலும் என்னை அடிக்க வருவார்.

வரி எழவில்லை. சாம்பல் நிறத்தில் மொண்ணையாக ஒரு கறைதான். ஆனால் துடைத்த துணியை எடுத்தபோது, அலகின் நெடுக ஓடும் காடிக்குள் மஞ்சளாக ஏதோ மின்னியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பித்தளைக் கம்பியை இரும்பில் பதித்துப் போட்ட கோடுகள். இரண்டு கால், ஒரு வால், கொஞ்சம் முதுகு. அதற்குமேல் மிருகம் கைப்பிடிப் பட்டைக்குள் போய் மறைந்துவிட்டது.

அது ஓநாய். ஜெர்மனியில் பாஸாவ் நகரத்து வாள்கொல்லர்கள் தங்கள் அலகில் பதித்த அடையாளம். அந்த ஓநாய்க்கு மதிப்பிருக்கிறது என்று தெரிந்ததும் சோலிங்கன் கொல்லர்களும் அதையே பதிக்கத் தொடங்கினார்கள். ஆகவே என் ஓநாய் அசலா போலியா என்பதே வேறு வழக்கு. எதுவானாலும், யாரோ ஒரு வெள்ளைக்காரனின் நீண்ட வாளை வெட்டிக் குறுக்கி, தஞ்சைப் பிடியின் இரு பட்டைகளுக்கு நடுவே செருகி, ரிவிட் அடித்திருக்கிறார்கள். பிடியோடு சேர்த்து அடிக்காமல் ரிவிட் வைத்து ஒட்டியிருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஏமாந்துவிட்டேன் என்றுதான் வயிறு எரிந்தது. படிக்கப் படிக்க எரிச்சல் போய்விட்டது. 17-ம் நூற்றாண்டுத் தென்னாட்டில் இது ஒட்டுப்போட்ட ஏழைச் சாமான் இல்லை, ஒசத்தி. மராத்தியர்கள் ஐரோப்பிய அலகு வைத்த வாளுக்கு ‘ஃபிரங்கி’ என்றே பெயர் வைத்தார்கள். அலகுகள் வந்து இறங்கத் துறைமுகங்களுக்கும் குறைவில்லை. நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர். தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் 1620-ல் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்திருந்தார். காரணம் சும்மா மோகம் மட்டுமல்ல. நம் உருக்கில் கரிச்சத்து அதிகம். கூர் நிற்கும், ஆனால் முரட்டு அடியில் ஒடியும். ஐரோப்பிய அலகு வளைந்து கொடுத்துத் திரும்பும். இருந்தாலும் பாதிக்குமேல் மோகம்தான் என்பது என் கட்சி. குத்துகிற கட்டாரிக்கு வளைவு எதற்கு? உலகம் தேடி வந்த உருக்கை வீட்டில் வைத்துக்கொண்டு சீமைச் சரக்கை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பித்தளை மிருகம் வெளியே தெரியட்டும் என்றே வைத்திருப்பார்கள். கொல்லர் அளவு தவறி வெட்டிவிட்டார் போலும்.

1855-ல் தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கும்பினி தஞ்சாவூரை எடுத்துக்கொண்டது. பிறகு அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எம்.ஜே. வால்ஹவுஸ் 1878-ல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’யில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பொறுக்கியெடுத்த சில எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பெரும்பகுதி பழைய இரும்பாக விலைபோனது. தராசில் ஏற்றி, எடை பார்த்து. தப்பியவை எங்கெங்கோ சிதறின. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் விட்டுச்சென்ற சேகரிப்பிலும் தென்னிந்தியக் கட்டாரிகள் இருக்கின்றன. என்னுடையது அந்த அரண்மனையில் இருந்ததா என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

ஒரு கண்காட்சியில் அனுபவஸ்தர் ஒருவரிடம் காட்டினேன். “முன்பாதி பட்டைக்கு அடியில் இருக்கலாம். ரிவிட்டைக் கழற்றினால் தெரியும். விலை பாதியாகிவிடும்” என்றார்.

போன தீபாவளிக்கு வீடியோவில் சித்தப்பாவிடம் காட்டினேன். எண்பத்திரண்டு வயது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“என்ன வெலப்பா?”

சொன்னேன்.

“தம்பி, எடை போட்டா அரைக் கிலோ தேறாதே.” பிறகு ஓநாயைப் பார்த்து, “ஆடு மாதிரில்ல இருக்கு. மூஞ்சி எங்க?”

உள்ளே இருக்கலாம், ஆணியை எடுக்கப் பயமாக இருக்கிறது என்றேன்.

“ரெண்டு ஆணிதானே? ஊருக்கு வரும்போது கொண்டா. ரெண்டு தட்டுல எடுத்துருவேன்.”

சாப்பிட்டீங்களா சித்தப்பா என்று கேட்டேன்.