நடந்தே ஆடும் காற்பந்து: நீரிழிவுள்ள மூத்தோருக்கு ஏற்ற குழு விளையாட்டு

சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் அறுவருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக 2017ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் குறிப்பிட்டார். அதே வயதுப் பிரிவில் மலாய்க்காரர்களில் பத்தில் ஐவருக்கு அந்நோய் இருந்தது. எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் மூவர். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில்தான் சுகாதார அமைச்சு ‘நீரிழிவுக்கு எதிரான போர்’ என்ற இயக்கத்தை அறிவித்திருந்தது.

மருந்து, உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி என்ற மூன்றில் பலருக்கும் கைநழுவிப் போவது மூன்றாவதுதான். தனியாக நடக்கத் தொடங்குபவர்கள் சில வாரங்களில் நிறுத்திவிடுகிறார்கள். முழங்கால் வலி, வெயில், சலிப்பு என்று காரணங்கள் பல. ஓட்டமும் மோதலும் இல்லாத குழு விளையாட்டு இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது. அவற்றில் இளவயதில் பந்தை உதைத்துப் பழகியவர்களுக்கு எளிதில் கைவரக்கூடியது நடைக் காற்பந்து.

நடைக் காற்பந்து என்றால் என்ன?

இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் நகரில் 2011ல் இந்த ஆட்டம் தொடங்கியது. அந்நகரக் காற்பந்துக் குழுவின் சமூக அறக்கட்டளை, ஐம்பது வயதைத் தாண்டியவர்களை மீண்டும் திடலுக்கு அழைத்துவர இதை உருவாக்கியது. பின்னர் பல நாடுகளுக்கும் பரவிய இந்த ஆட்டம் சிங்கப்பூரிலும் விளையாடப்படுகிறது.

விதிகள் எளியவை. யாரும் ஓடக்கூடாது, மெதுவோட்டமும் கூடாது. எந்த நேரத்திலும் ஒரு கால் தரையில் இருக்கவேண்டும். மீறினால் எதிரணிக்குப் பந்து. சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதற்கும் உடலால் இடிப்பதற்கும் தடை உண்டு. பந்து தலை உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்பதால் தலையால் முட்டும் வேலையும் இல்லை. பொதுவாக ஓர் அணிக்கு ஐந்து முதல் ஏழு பேர். திடல் சிறியது.

ஓட்டம் இல்லை என்பதால் ஆட்டம் சுலபம் என்று எண்ணிவிடக்கூடாது. வேகமாக நடப்பது, சட்டென நிற்பது, திரும்புவது, பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது என்று உடல் இடைவிடாமல் வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், ஆனால் பேச முடியும். மருத்துவர்கள் சொல்லும் மிதமான தீவிரம் இதுதான்.

சர்க்கரை அளவு எப்படிக் குறைகிறது?

இரண்டாம் வகை நீரிழிவில் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனால் இரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் போகாமல் தங்கிவிடுகிறது. தசை சுருங்கி விரியும்போது மட்டும் இன்சுலினின் உதவியில்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள அதற்கு வேறொரு வழி திறக்கிறது. உடலின் மிகப் பெரிய தசைகள் தொடையிலும் பின்புறத்திலும் இருப்பதால் காலுக்கு வேலை தரும் விளையாட்டில் இந்தப் பலன் அதிகம்.

ஆட்டம் முடிந்த பிறகும் ஒன்று முதல் மூன்று நாள் வரை இன்சுலினுக்கு உடல் நன்றாகச் செவிசாய்க்கும். பிறகு அந்தப் பலன் மங்கிவிடும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சி இல்லாமல் விடக்கூடாது என்று நீரிழிவு வல்லுநர்கள் சொல்கிறார்கள். சனிக்கிழமை மட்டும் ஆடிவிட்டு மற்ற ஆறு நாளும் உட்கார்ந்திருந்தால் போதாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. மூத்தோர் வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலையையும் தசை வலிமையையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சிகளில் ஈடுபடவேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு மணி நேரம் வீதம் வாரம் இரண்டு ஆட்டம், இடையில் இரண்டு நாள் அரை மணி நேர நடை என்று வைத்துக்கொண்டால் 180 நிமிடம் ஆகிவிடும்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்காவில் 2002ல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் சேர்ந்து நீரிழிவு வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்தன. 60 வயதைத் தாண்டியவர்களிடம் அது 71 விழுக்காடு. வயதான பிறகு பயனில்லை என்ற எண்ணத்துக்கு இதுவே பதில்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 531 பேர் பங்கேற்றனர். நடையையும் உணவு மாற்றத்தையும் கடைப்பிடித்த பிரிவில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களில் பலர் பருமனானவர்கள் அல்லர். ஒல்லியாக இருப்பதால் தனக்கு வராது என்று இந்தியர்கள் நினைத்துக்கொள்ள முடியாது என்பதையும் அது காட்டியது.

இவை நோய் வருவதற்கு முன்னால் தடுப்பது பற்றியவை. நோய் வந்தவர்களைப் பொறுத்தவரை, டென்மார்க் ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஆண்களை 24 வாரம், வாரம் இருமுறை சிறு திடலில் காற்பந்து ஆட வைத்தனர். அவர்களின் இதயத் திறனும் உடலாற்றலும் மேம்பட்டன. அது வழக்கமான ஓட்டத்துடன் கூடிய ஆட்டம். நடைக் காற்பந்து பற்றிய ஆய்வுகள் இன்னும் சிறிய அளவிலேயே உள்ளன. ஆகவே இதை மருந்துக்கு மாற்றாகக் கருதக்கூடாது.

முதலில் மருத்துவரிடம் கேட்கவேண்டியவை

2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் பதிந்தவர்களுக்குக் குடும்ப மருத்துவர் ஒருவர் இருப்பார். விளையாடத் தொடங்கும்முன் அவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ நான்கு கேள்விகளைக் கேட்பது நல்லது.

முதலாவது இதயம். நெஞ்சுவலி, படியேறும்போது வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இருந்தால் சோதனைக்குப் பிறகே திடல். இரண்டாவது கண். விழித்திரை பாதிப்பு முற்றிய நிலையில் இருப்பவர்கள் கண் மருத்துவரின் அனுமதி பெறவேண்டும். மூன்றாவது கால். ஆறாத புண் இருந்தால் ஆடக்கூடாது. நான்காவது மருந்து. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் கிளிபிசைட், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஆட்டத்தின்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்த அபாயம் குறைவு. மருந்தளவைத் தாமாக மாற்றிக்கொள்ளக்கூடாது.

ஆட்ட நாளில்

இன்சுலினோ அத்தகைய மாத்திரையோ எடுப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் சர்க்கரை அளவைப் பார்க்கவேண்டும். 5 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் ரொட்டி, வாழைப்பழம் போன்ற ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம். மிக அதிகமாக இருந்து உடல்நலமும் சரியில்லை என்றால் அன்று ஓய்வே நல்லது.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். சிங்கப்பூர் வெப்பத்தில் வியர்ப்பது இயல்பு என்பதால் இதைக் கவனிக்கத் தவறுவது எளிது. 4 மில்லிமோலுக்குக் கீழ் போனால் 15 கிராம் சர்க்கரை உடனே எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலந்து குடித்தால் அந்த அளவு கிடைத்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 2022 டிசம்பர் 30 முதல் ‘நியூட்ரி-கிரேட்’ முத்திரை நடப்பில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பானங்கள் பலவற்றில் இப்போது சீனி குறைவு. ஏ தர பானத்தையோ ‘கோசோங்’ தேநீரையோ குடித்தால் இறங்கிய சர்க்கரை ஏறாது. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி உள்ள பானமாக இருந்தால் 150 மில்லிலிட்டர் போதும். அன்றாடம் தவிர்க்கவேண்டிய அந்த இனிப்புப் பானம், அணியின் முதலுதவிப் பையில் மட்டும் ஒன்றிரண்டு இருக்கலாம்.

காலைக் காப்பது

நீண்டநாள் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் வலிக்காது. வலிக்காத கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் காலையே இழக்க நேரிடலாம். ஆகவே விரல்களை நெருக்காத காலணி, காய்ந்த காலுறை, காலணிக்குள் கல் இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பது, ஆட்டம் முடிந்ததும் விரலிடுக்கு உட்படப் பாதம் முழுவதையும் பார்ப்பது ஆகிய நான்கும் கட்டாயம். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். இதே கவனம் கோவிலில் சுடும் தரையில் வெறுங்காலுடன் நடக்கும்போதும் தேவை.

எங்கே, யாருடன்?

லிட்டில் இந்தியா வட்டாரத்துக்குக் காற்பந்து புதிதல்ல. 1842 முதல் 1933 வரை குதிரைப் பந்தயத் திடலாக இருந்த ஃபேரர் பார்க், பின்னர் பல தலைமுறை ஆட்டக்காரர்களை வளர்த்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அந்தப் பந்தயத் திடலின் நினைவு. நடந்தே போகும் தூரத்தில் 1929ல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம் இருக்கிறது. இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கும் பலருக்கு அவை பந்தோடு கழிந்த மாலைப் பொழுதுகளின் இடம்.

குழு சேர்க்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பத்துப் பேர், விதி தெரிந்த ஒரு நடுவர், பத்து நிமிட உடல் தளர்த்தும் பயிற்சி, இடையிடையே தண்ணீர் குடிக்க நிறுத்தும் நான்கு சிறு பகுதி ஆட்டம் போதும். சமூக மன்றங்களிலும் துடிப்பாக மூப்படையும் நிலையங்களிலும் கேட்கலாம். ‘ஆக்டிவ்எஸ்ஜி’ செயலி வழி திடல்களுக்கு முன்பதிவு செய்யலாம். வீவக பேட்டைகளில் உள்ள சிறு காற்பந்துத் திடல்களில் தரை கெட்டியாக இருந்தால் முழங்காலுக்கு இதமான காலணி அவசியம். காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ ஆடுவது நலம்.

பெண்களும் ஆடலாம். காற்பந்தில் விருப்பம் இல்லாதவர்களுக்கு நடை வலைப்பந்து இருக்கிறது. ஜப்பானில் 1947ல் உருவான, அணிக்கு ஐவர் சுத்தியல் போன்ற கோலால் பந்தை உருட்டும் ‘கேட்பால்’ இன்னும் மென்மையானது. ஆனால் அதில் மூச்சு வாங்காது என்பதால் கூடவே நடையும் தேவை.

தனியாக நடப்பவர் ஒருநாள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. அணியில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். துணையை இழந்தவர்களுக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனித்திருப்பவர்களுக்கும் அந்த அழைப்பும் ஒருவகை மருந்துதான். எனவே சேரும் ஒவ்வொருவரும் நோய், மருந்து, அவசரத்துக்கு அழைக்கவேண்டிய எண் ஆகியவற்றை எழுதிய சிறு அட்டையைப் பையில் வைத்திருப்பதும், அது எங்கே இருக்கிறது என்பதை அணியில் இன்னொருவரிடம் சொல்லிவைப்பதும் முதல் நாளே செய்யவேண்டிய வேலை.