கடலுக்கும் ஒரு பங்கு

திருச்செங்கோட்டுக்காரனுக்குக் கடலைப் பற்றி எழுத என்ன உரிமை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊருக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே சோழ நாடு முழுவதும் கிடக்கிறது. உப்பு வேண்டுமென்றால் கடைக்குப் போவோம். மீன் வேண்டுமென்றால் சந்தைக்குப் போவோம். அதற்குமேல் கடலோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் ஒன்றுமில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் எங்களுக்கும் கடலுக்கும் உள்ள கணக்கு மிகப் பழையது, மிகப் பெரியது. கடற்கரை என்பது கடலோரத்தில் உண்டாவதில்லை, ஐயா! அது மேட்டு நாட்டில் உண்டாகிறது.

மழைக் காலத்தில் எங்கள் மலைமேல் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், அர்த்தநாரீசுவரர் கோவிலுக்குப் போகும் படிகளின் ஓரமாகச் செம்மண் கரைந்த நீர் சலசலவென்று இறங்கி வரும். அது ஓடைகளில் புகுந்து காவிரியைத் தேடிப் போகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தைக் கடந்து வந்து காவிரியில் கலக்கிறது. பவானி நீலகிரியின் மண்ணைக் கொண்டு வருகிறது. குடகு மலையும் தன் பங்கைத் தருகிறது. இப்படி மலைகளெல்லாம் இம்மி இம்மியாகக் கரைந்து காவிரியோடு நடக்கின்றன. வேகம் உள்ளவரையில் ஆறு அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. திருச்சிக்குக் கிழக்கே நிலம் சமதளமானதும் அதற்குக் களைப்பு வந்துவிடுகிறது. கனமான மணலை முதலில் இறக்குகிறது. பிறகு வண்டலை இறக்குகிறது. மிக நுண்ணிய களிமண்ணைக் கடல்வாய் வரையில் கொண்டு போய்ச் சேர்க்கிறது. அவ்வாறு இறக்கி வைத்த சுமைக்குத்தான் நாம் தஞ்சை வளநாடு என்று பெயர் வைத்துப் போற்றுகிறோம்.

பனியுகம் முடிந்து பனிப்பாளங்கள் உருகியபோது கடல் மளமளவென்று ஏறியது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஏற்றம் தணிந்தது. உலகத்தின் பெரிய டெல்டாக்களில் பல அப்போதுதான் உருவாகத் தொடங்கின. ஆறு கொண்டுவரும் மண் ஒரு பக்கம், ஏறிவரும் கடல் ஒரு பக்கம். இந்தப் பந்தயத்தில் ஆறு ஜயித்த இடமெல்லாம் நிலம். கடல் ஜயித்த இடமெல்லாம் நீர். கடற்கரையின் சரித்திரம் இவ்வளவுதான்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி ஏறி நின்ற குன்றம் எங்கள் திருச்செங்கோடே என்று சொல்லுவோர் உண்டு. இல்லை, அது சேர நாட்டு மலை என்று மறுப்போரும் உண்டு. அந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை. எங்கள் ஊர்க் கட்சி உண்மையானால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கண்ணகி புகாரிலிருந்து புறப்பட்டு மதுரை வழியாக இந்த மலைக்கு வந்தாள். இந்த மலையின் மண்ணோ யுக யுகமாகப் புகாரை நோக்கிப் போய்க் கொண்டிருக்கிறது!

அந்தப் புகார் என்ன ஆயிற்று? சோழ மன்னன் இந்திர விழா எடுக்க மறந்தான்; அதனால் கடல் பொங்கி நகரை விழுங்கிவிட்டது என்கிறது மணிமேகலை. 1960-களில் மத்தியத் தொல்பொருள் துறையினர் கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்றைக் கண்டார்கள். 1990-களில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகாருக்கு எதிரே கடலுக்குள்ளேயே மூழ்கித் தேடினார்கள். கரை அரிப்பு, புயல், ஆறு தடம் மாறியது என்று அறிஞர்கள் பல காரணங்களைச் சொல்லுகிறார்கள். எனக்குப் புராணக் காரணத்திலும் கொஞ்சம் பொருள் இருப்பதாகத் தோன்றுகிறது. கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடுக்க மறந்ததால் ஊர் அழிந்தது என்றல்லவா அந்தக் கதை சொல்லுகிறது?

நம் முன்னோர் ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்; எடுக்கும்போது விட்டுவிடவும் தெரிந்தவர்கள். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணை தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணையல்ல. திருப்பி விடும் அணை. வெள்ளம் வந்தால் வண்டலோடு சேர்ந்து போகும். 19-ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் வந்தபோது, கொள்ளிடம் தாழ்ந்தும் காவிரி மணலால் மேடிட்டும் கிடந்தன. தண்ணீர் கொள்ளிடத்தின் பக்கமே சாய்ந்தது. தஞ்சாவூர் வயல்கள் வறண்டன. அவர் கல்லணையில் மணல் போக்கிகள் அமைத்தார். 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டி முடித்தார். டெல்டா பிழைத்தது. அவர் செய்ததும் ஆற்றைப் பங்கிட்ட வேலையே தவிர, ஆற்றை நிறுத்திய வேலை அல்ல.

ஆற்றை நிறுத்தும் வேலை 1934-ல் நடந்தது. ஒன்பது வருஷங்கள் கட்டிய மேட்டூர் அணை அந்த ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு. அதனால் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் தஞ்சைக்கும் உண்டான நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று கடைமடை விவசாயி வானத்தைப் பார்த்து நிற்பதை ஒருமுறை கண்டவன் அணையைப் பழிக்கத் துணிய மாட்டான். ஆனால், நிற்கும் தண்ணீரில் மண் நிற்காது, கீழே படிந்துவிடும். மதகைத் திறந்தால் வருவது தெளிந்த நீர். வண்டல் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நீர்மட்டம் இறங்கும் கோடைகளில் பண்ணவாடியில் பழைய கோவிலின் நந்தி தலைகாட்டும். பார்க்கக் கூட்டம் கூடுவார்கள். நந்தியைச் சுற்றிப் படிந்திருக்கும் சேற்றை யாரும் பார்ப்பதில்லை. பூம்புகாருக்கும் பிச்சாவரத்துக்கும் போக வேண்டிய சேறு அது. 2017 கோடையில் அணை வறண்டபோது அந்த வண்டலை அள்ளிக்கொள்ள விவசாயிகளுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது. சுற்றுவட்டார வயல்களுக்கு அது நல்ல உரம். கடலுக்குப் போக வேண்டிய சரக்கு பாதி வழியில் இறங்கிவிட்டது.

இப்படி மறிக்கப்படுவது காவிரி மட்டுமல்ல. நைல் நதியில் 1970-ல் அஸ்வான் பேரணை முடிந்தது முதல் எகிப்தின் கடல்முனைகள் வேகமாகக் கரைகின்றன. அமெரிக்காவில் மிஸிஸிப்பியின் முகத்துவாரத்தில் உள்ள லூயிஸியானா மாநிலம், 1930-களிலிருந்து சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டது. நம் தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோவிலில் ஒரு பகுதியை அலை கொண்டு போயிற்று. அது அணைகளுக்கு முந்திய கதையும் சேர்ந்தது. கடல் எப்போதும் பசியோடுதான் இருக்கிறது. அந்தப் பசிக்கு வருஷந்தோறும் மண்ணாக ஆகாரம் கொடுத்து வந்தது ஆறு. ஆகாரம் நின்றால் கடல் கரையைத் தின்கிறது. கருங்கல்லைக் கொட்டித் தடுக்கிறோம். கல் கிடக்கும் இடம் தப்புகிறது. பக்கத்துக் குப்பத்தில் அரிப்பு தொடங்குகிறது.

மண் வந்து சேரும் இடத்தில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் மரங்களைப் பார்ப்பதற்காகப் பிச்சாவரம் போயிருந்தேன். கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில், சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் உள்ள அலையாத்திக் காடு அது. அலையை ஆற்றும் காடு என்று நம்மவர்கள் எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! சுரபுன்னை தன் கால்களைப் பரப்பி நீரில் நிற்கிறது. வெண்கண்டல் சேற்றுக்கு மேலே ஆயிரம் மூச்சுவேர்களை நீட்டியிருக்கிறது. தில்லை மரமும் அங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம். இன்று சிதம்பரத்தில் தில்லைக் காடு இல்லை. அதைக் காணப் பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும்.

படகோட்டி வயதானவர். "ஐயாவுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

"திருச்செங்கோடு."

"அட, மேற்கத்திக்காரரா! அப்போ இந்தச் சேத்துல பாதி உங்க சீமை மண்ணுதாங்க. நல்லாப் பாத்துக்குங்க. இப்பல்லாம் முன்ன மாதிரி வர்றதில்லே."

ஒரு புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர் துடுப்பை நிறுத்தாமலே சொல்லிவிட்டார்.

வேர்களுக்கு நடுவே ஓதம் புகும்போது அதன் வேகம் அடங்குகிறது. அடங்கியதும் அதிலுள்ள சேறு கீழே இறங்குகிறது. உதிர்ந்த இலையும் மக்கிய வேரும் அதோடு சேருகின்றன. வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் தரை உயருகிறது. கடல் ஏறினால் காடும் தன் தரையை உயர்த்திக்கொள்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனைகள்: சேறு வர வேண்டும், நல்ல தண்ணீரும் வர வேண்டும். நல்ல தண்ணீர் குறைந்தால் உப்பு மிஞ்சிவிடும். காவிரியின் கடைசிக் கிளைகள் போய்ச் சேரும் முத்துப்பேட்டைக் காட்டில், உப்பைப் பொறுக்கும் வெண்கண்டலே மிகுந்து நிற்பது இதனால்தான்.

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிச்சாவரத்தைக் கூறு கூறாக வெட்டி விறகாக்கினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, தாழ்ந்து, உப்புத் தேங்கிப் பாழாயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் ஜனங்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டார்கள். காடு மறுபடியும் முளைத்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, அடர்ந்த காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களுக்குச் சேதம் குறைவாக இருந்தது. அவை மேட்டிலும் தூரத்திலும் இருந்ததும் ஒரு காரணம் என்று சொல்லுகிறார்கள். இருக்கட்டும்; அந்தக் கிராமத்தாருக்கு மரங்களின்மேல் அன்றிலிருந்து தனி மரியாதை.

இப்போது கடல் மறுபடியும் ஏறத் தொடங்கியிருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்குப் பிறகு வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகம். இது ஆறேழு மில்லிமீட்டரைத் தாண்டினால் அலையாத்திக் காடுகளால் ஈடுகொடுக்க முடியாது என்று 2020-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. அப்போது காடு பின்வாங்கி நிலத்துக்குள் வர வேண்டும். வர இடம் எங்கே? பின்னால் வயலும் சாலையும் இறால் பண்ணையும் நிற்கின்றன. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆரம்பித்த அந்தப் பந்தயத்தில், கடல் வேகத்தைக் கூட்டுகிற சமயம் பார்த்து நாம் ஆற்றின் காலைக் கட்டிப் போட்டிருக்கிறோம்.

2007-ல் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டது. நான்கு பங்காளிகளுக்கும் போக, சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி.; தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4 டி.எம்.சி. 2018-ல் சுப்ரீம் கோர்ட் ராஜ்யங்களின் பங்கை மாற்றியது. இந்த இரண்டு எண்களையும் மாற்றவில்லை. பல்லாண்டு சண்டையிடத் தக்க நீர்தான் அது; ஒவ்வொரு சொட்டுக்கும் வழக்கு உண்டு. ஆனால் அந்த நீண்ட கணக்கில் மண்ணுக்கென்று ஒரு வரி இல்லை. வெள்ளக் காலத்தில் நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்லுகிறோம்: "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது!" வீணாக என்ற அந்த ஒரு சொல்லில்தான் கோளாறு இருக்கிறது. வெள்ளம் கடலுக்குப் போவது வீண் அல்ல. அது கரைக்குக் கட்டும் கிஸ்தி.

எங்கள் பக்கத்திலிருந்துதான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் நாடெல்லாம் போகின்றன. அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. பல குடும்பங்கள் அதனால் சாப்பிடுகின்றன. டெல்டாவின் அடியிலுள்ள நீரை மிஞ்சி இறைத்தால் கடல்நீர் உள்ளே நுழைகிறது. இளகிய வண்டல் நிலம் அமுங்குகிறது. காவிரிப் படுகையில் அள்ளிய மணல் எங்கள் வீடுகளின் சுவராகவும் கூரையாகவும் நிற்கிறது. அணையில் தங்கும் மண், லாரியில் ஏறும் மணல், குழாயில் ஏறும் நீர் மூன்றுமே கடற்கரையின் பற்றுவரவில் ஏறுகின்றன. அணையை இடிக்கச் சொல்லவில்லை. வீடு கட்டாதே என்றும் சொல்லவில்லை. வெள்ளக் காலத்திலாவது வண்டல் கீழே போக வழி உண்டா என்று பொறியாளர்கள் பார்க்க வேண்டும். ஆற்று மணலை அள்ளுமுன், அது யாருக்குப் போகவிருந்த மணல் என்று நாமும் கேட்க வேண்டும்.

எங்கள் மலைக் கோவிலில் ஒரே உருவத்தில் பாதி ஆண், பாதி பெண். கடற்கரையும் அப்படித்தான்: பாதி நிலம், பாதி நீர். ஒரு பாதிக்கு உரியதை மறு பாதிக்கே கொடுத்துவிட்டால் உருவம் நிற்காது. மேட்டு நாட்டில் இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தினமும் அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிறவர்கள்தானே நாங்கள்!