வேப்பமரத்துத் தூளி

நம் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. அந்த ஆரம்ப காலத்தில் நான் குழுவில் சேர்ந்தபோது என் மகளுக்கு நாலு மாசம்.

அதுவரை பழைய வேட்டித் துணியில் சுற்றினால் தூங்கிவிடுவாள். அப்புறம் துணியை உதைத்து, புரள ஆரம்பித்தாள். ராத்திரியெல்லாம் அழுகை. தூக்கமில்லாமல், "இனி கூட்டத்துக்கு வரலைக்கா, சேமிப்பையும் நிறுத்திக்கிறேன்" என்றேன்.

"புரள்ற புள்ளைய இனிமே சுத்தாதே, கவுந்துட்டா மூச்சு முட்டும்" என்ற மூத்த அக்கா, கூட்டம் நடக்கும் வேப்பமரத்தில் தன் நூல் சேலையைத் தூளி கட்டினார். பக்கத்திலேயே இருந்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஆட்டினோம். கண் அசந்ததும் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். வீட்டிலும் தினமும் அதே நேரம், அதே முறை. பிள்ளை பழகிக்கொண்டாள், நானும் குழுவில் நிலைத்தேன்.

என் சேமிப்பு பாஸ்புக்கில் இருக்கிறது. தூளி ஆட்டிய கைகளின் கணக்கு எதிலும் இல்லை. அதனால் இந்த மலரில் எழுதி வைக்கிறேன்.