ரோட்டரைப் பார்த்த பிறகு

“ரோட்டரைப் பாத்துட்டு அப்புறம் ஸ்டேட்டரைத் தொடோணும்” என்பார் அப்பா. கோவையில் காயில் கட்டும் பட்டறை எங்களுடையது. செம்புக் கம்பி, ஸ்லாட் பேப்பர், மூங்கில் ஆப்பு, வார்னிஷ் வாசனை. மின்சார வண்டியின் மோட்டாரைப் பிரித்தாலும் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் நாங்கள் பழகிய அதே செம்புதான். தலைமுறைக்குத் தலைமுறை மாறியது நடுவே சுழலும் ரோட்டர்.

அப்பா தொழில் பழகியது டிசி மோட்டாரின் ரோட்டரான ஆர்மேச்சரில். அதன் கம்யூட்டேட்டரில் செம்புத் துண்டுகள் வரிசையாக இருக்கும், இரண்டு துண்டுக்கு நடுவே மைக்கா. செம்பு தேயும், மைக்கா தேயாமல் துருத்தும். கார்பன் பிரஷ் அதன்மேல் குதித்துப் பொறி கிளப்பும். உடைந்த ஹேக்சா பிளேடைத் தீட்டி, ஒவ்வொரு இடுக்கிலும் மைக்காவை மயிரிழை ஆழம் சுரண்டுவார். கை நழுவினால் செம்பில் கீறல் விழுந்துவிடும். புறப்படும்போதே பாரம் இழுப்பதில் டிசி மோட்டார் கெட்டி. 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடிய மின்ரயிலை இழுத்தது அதுதான். 2001இல் பெங்களூரில் வந்த ரேவா காரிலும் முதலில் அதுவே.

இன்டக்‌ஷன் ரோட்டரில் பிரஷ்ஷும் இல்லை, கம்பிச் சுற்றும் இல்லை. இரும்புத் தகடுகளுக்குள் அலுமினியக் கம்பிகள் கூண்டுபோல நிற்கும், அவ்வளவே. விஞ்ஞானி டெஸ்லாவின் இன்டக்‌ஷன் மோட்டார் காப்புரிமை 1888. மறு ஆண்டே டோலிவோ-டோப்ரவோல்ஸ்கி மூன்று பேஸ் கூண்டு மோட்டாரைச் செய்தார். கோவைப் பக்கம் பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்தது. 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் மோட்டாரை இங்கேயே செய்தார்கள். அந்த மோட்டார் வழியே வந்த தொழில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரித்தது. கிணற்றடியில் உழைத்த இந்த மோட்டார் வண்டிக்குள் ஏறக் காலம் பிடித்தது. பேட்டரி தருவது டிசி. அதை மூன்று பேஸாக்கி, வேகத்துக்கேற்ப அலைவெண்ணை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் கைக்கடக்கமாக வரவேண்டியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996இல் விட்ட இவி1, டெஸ்லா நிறுவனத்தின் 2008 ரோட்ஸ்டர் இரண்டும் இன்டக்‌ஷன்தான்.

அடுத்து வந்தது காந்தம். ஜப்பானில் மசாட்டோ சகாவா 1982இல் உருவாக்கிய நியோடிமியம் காந்தம் ரோட்டரில் ஏறியது. கூண்டுக்குள் மின்னோட்டம் பாய்ந்தால்தான் இன்டக்‌ஷன் மோட்டார் சுழலும். அதில் ஒரு பங்கு சூடாகவே வீணாகும். காந்த ரோட்டரில் அந்த இழப்பு இல்லை, அதே பேட்டரியில் வண்டி கூடுதல் தூரம் போகும். 2017இல் மாடல் 3 காருக்கு டெஸ்லாவே காந்தத்துக்கு மாறியது.

என் மேசைக்கு வந்த முதல் ஸ்கூட்டர் மோட்டாரை வெறுங்கையால் பிரித்தேன். பாதி வெளியே வந்த ரோட்டர் மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் நகம் கறுத்து, ஒரு மாதத்தில் விழுந்தது. மேசையில் கிடந்த இரும்புத்தூள் அத்தனையும் காந்தத்தில் மீசையாக ஒட்டியது. பிசைந்த மைதாமாவை ஒற்றி ஒற்றித்தான் எடுத்தேன்.

காந்தத்தின் திறமையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கருகிய காயிலை என்னால் திரும்பக் கட்ட முடியும், சூடேறிச் செத்த காந்தத்தை உயிர்ப்பிக்க என் பட்டறையில் வழியில்லை. அந்தக் காந்தம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. 2025 ஏப்ரலில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டபோது இங்கே வண்டி செய்பவர்கள் தவித்தார்கள்.

காந்தமே வேண்டாமென்று ரோட்டரில் செம்புக் கம்பி சுற்றியவர்களும் உண்டு. ரெனோ தன் ஸோயி காரில் செய்தது, 2020இல் பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ்3 அதே வழியில் வந்தது. சுழலும் கம்பிக்கு மின்சாரம் ஊட்ட அங்கே மறுபடி கார்பன் பிரஷ். அது உரசுவது துண்டு துண்டான கம்யூட்டேட்டரில் அல்ல, வழுவழுப்பான முழு வளையத்தில். சுரண்ட மைக்கா இல்லை. அப்பாவின் பிளேடு மட்டும் இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது.